நடக்கும் கல்லில் ஒரு குடியிருப்பு

உப்புக் காற்றில் ஊறி, உழைப்பில் உரம் ஏறி நிற்கும் இந்த நாச்சிக்குடா மண்ணுக்கு முதலில் தலை வணங்குகிறேன்.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமைக் கதிரையைத் தன் நேர்மையால் நிறைத்திருக்கும் ஐயாத்துரை ஐயா அவர்களே, ஐந்து ஆசிரியர் செய்ய வேண்டிய வேலையை இரண்டு ஆசிரியரை வைத்து இழுத்துச் செல்லும் எங்கள் பாடசாலை அதிபர் அவர்களே, தொழுகை முடிந்த கையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பள்ளிவாசல் பெரியோர்களே, கோயில் திருவிழா வேலைகளை ஒரு பொழுது ஒத்திவைத்து வந்திருக்கும் பரிபாலன சபையினரே, ஆழம் அளந்த அண்ணன்மாரே, அலையை அடக்கிய நானாமாரே, கிழிந்த வலை பொத்திய விரலோடும் இடுப்பில் பிள்ளையோடும் வந்து வலப்பக்கம் முழுவதையும் பிடித்திருக்கும் என் தாய்மாரே, ராத்தாமாரே, தங்கைமாரே, உங்கள் அத்தனை பேருக்கும் இந்த ஊருக்கு மருமகளாக வந்த விமலேஸ்வரியின் அன்பான வணக்கமும் சலாமும்.

நான் யார் என்று தெரியாதவர்கள் பின்வரிசையில் இருக்கக்கூடும். முள்ளியவளையில் வயலுக்கு நடுவே பிறந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, உங்கள் வள்ளங்களின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் தயாபரனைக் கைப்பிடித்து வந்தவள் நான். அதோ, மூன்றாம் வரிசையில் அவர் வைத்திருக்கும் பத்து மாதப் பிள்ளை யதுர்ஷிகா எங்கள் மகள். நான் கதைத்து முடியும்வரை அவள் அழாவிட்டால் அது இன்றைய விழாவின் முதல் அதிசயம்.

போன கிழமை தலைவர் ஐயா என்னிடம் கேட்டார்.

"ரீச்சர், என்ன தலைப்பில கதைக்கப் போறியள்?"

"கடற்பீச்சி, ஐயா."

"அது என்ன மீன்?"

"மீன் இல்லை ஐயா."

"கறி வைக்கலாமோ?"

"இல்லை ஐயா."

"விக்கலாமோ?"

"அதுவும் இல்லை ஐயா."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சரி, பத்து நிமிசம் எடுங்கோ" என்றார்.

சிரிக்கிறீர்கள். ஐயாவும் சிரிக்கிறார். அந்தப் பத்து நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க முடியாத பெரும் பெருமை ஒரு சிறு சதைத்துண்டுக்கு இருக்கிறது என்று நான் நம்புவதால்தான் இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன். ஜெனரேற்றர் ஒத்துழைத்தால் நீங்களும் நம்புவீர்கள்.

அன்பானவர்களே, கடற்பீச்சிகளில் ஒரு குலம் இருக்கிறது. அறிவியல் அதற்கு வைத்த பெயர் ஹேர்ட்மானியா. என்ன ராசு அண்ணை? வெள்ளைக்காரரின் பெயர் மாதிரிக் கிடக்கிறதா? ஓம், கடலை ஆராய்ந்த ஒரு வெள்ளைக்காரருடைய பெயரைத்தான் அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். பெயர்தான் பிறநாடு. பிழைப்போ இந்தக் கடலோடு. செங்கடல் தொடங்கி எங்கள் கடல் வரை, வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த நீரெல்லாம் அதற்கு ஊர். பாறையில் இருக்கும். பவளத்தில் இருக்கும். பாலத்தின் காலில் இருக்கும். நெடுநாள் கட்டிக் கிடந்த வள்ளத்தின் அடியிலும் இருக்கும். ஆனால் அதற்கு வாய்த்த விலாசங்களுள் விந்தையான விலாசம் ஒன்று உண்டு. அது உயிரோடு ஊர்ந்து திரியும் சங்கின் முதுகு.

சங்குக்குச் சுழியோடும் நானாமாரே, நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மேலே கொண்டுவரும் சங்கில் சில வேளை ஒரு இளஞ்சிவப்புக் கட்டி ஒட்டியிருக்கும். சின்ன உருளைக்கிழங்கு அளவு, தோல் போல் தடிப்பு, மேலே இரண்டு வாய். அமத்தினால் தண்ணீர் பீச்சும். நீங்கள் அதை என்னவென்று சொல்வீர்கள்? "ஊத்தை" என்பீர்கள். கத்தி முனையால் சுரண்டிக் கடலில் எறிவீர்கள்.

அது ஊத்தையா? ஒரு வாயால் கடல்நீரை உறிஞ்சி, உள்ளே இருக்கும் அரிதட்டால் வடித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை உணவாக எடுத்து, மறு வாயால் நீரை வெளியே விடும் உயிர் ஊத்தையா? பகல் முழுவதும் பாடுபட்டுப் பிறர் குடிக்கும் தண்ணீரை வடிக்கும் பெண்ணை யாராவது ஊத்தை என்பார்களா? நாள் முழுவதும் நீரை வடிகட்டும் உயிரை நாம் ஊத்தை என்று சொன்னோம். அது ஒன்றும் சொல்லவில்லை. அதன் பண்பு அப்படி.

இனிக் கதைக்கு வருகிறேன்.

மாசி மாதத்தில் அதிபர் ஐயா என் வீட்டுப் படலைக்கு வந்தார். எங்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞான வகுப்பு தொடங்கப் போவதாகவும், உயிரியலை நான் படிப்பிக்க வேண்டும் என்றும் கேட்டார். நான் முடிவு சொல்ல முதலே ஊர் என்னை ரீச்சர் ஆக்கிவிட்டது. கல்விக் கந்தோர் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. ஆறு பிள்ளைகள் சேர்ந்தால் வகுப்பு. ஐந்து என்றால் இல்லை. வகுப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும்? ஆண்பிள்ளைகள் கிளிநொச்சியில் தங்கிப் படிப்பார்கள். பெண்பிள்ளைகளை அனுப்ப மாட்டோம். அனுப்ப மாட்டோம் என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வகுப்பு வருமோ வராதோ, பிள்ளைகளுக்கு ஒரு நாள் பாடம் காட்டிப் பார்ப்போம் என்று நினைத்தேன். புத்தகத்தில் படமாக இருக்கும் உயிரைக் கையில் பிடித்துக் காட்ட வேண்டும். அதற்கு ஒட்டுக் கட்டியோடு ஒரு சங்கு வேண்டும். யாரைக் கேட்பது? இந்தக் கரையில் சங்கு என்றால் ஒரே ஒரு பெயர். பக்கீர் நானா. இதோ, இடப்பக்கத் தூணோடு நிற்கிறார். கதிரை தந்தாலும் இருக்க மாட்டார்.

"நானா, எனக்கு ஒரு சங்கு வேணும்" என்றேன்.

என் இடுப்பில் பிள்ளை இருந்தது. அதுதான் நான் விட்ட பிழை.

மறுநாள் நானா வந்தார். துணியில் சுற்றி ஒரு சின்னச் சங்கு. வெண்ணெய் போல் வெள்ளை. வாய் விளிம்பு பிள்ளையின் உதட்டைக் கீறக் கூடாது என்று கல்லில் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். "பால் பருக்க நல்லம், ரீச்சர். என்ர மூண்டும் இப்பிடித்தான் குடிச்சதுகள்" என்றார். பாலூட்டும் தாய் சங்கு கேட்டால் வேறு எதற்குக் கேட்பாள்? இந்தக் கரையில் பிறந்த எந்த மனிதருக்கும் அப்படித்தானே தோன்றும்? அந்தச் சங்கில்தான் யதுர்ஷிகா இன்றும் பால் குடிக்கிறாள். ஆனால் என் பாடம் நடக்கவில்லை.

மீண்டும் கேட்டேன். "நானா, இது இல்லை. பெரிய சங்கு. மேல ஊத்தை இருக்கிற சங்கு."

நானா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இரண்டு நாள் கழித்துப் பெரிய சங்கு வந்தது. சாம்பல் போட்டு, தும்பு போட்டு, ஏழு தண்ணீரில் கழுவிய சங்கு. அதில் முகம் பார்க்கலாம்.

"நானா, ஊத்தை எங்க?"

"என்ன ரீச்சர் கதைக்கிறியள்? உங்கட சாமியறைக்கு வைக்கிற சாமானை ஊத்தையோட கொண்டு வரலாமா? ஊர் என்னைப் பற்றி என்ன சொல்லும்?"

தாய்மாரே, அதற்கு நான் என்ன சொல்வேன்? தொழுகைக்கு முன் தன் கை கழுவுவது போல, இன்னொருவருடைய சாமிக்காக ஏழு முறை சங்கு கழுவிய மனிதரிடம், "கழுவியது பிழை" என்று எந்த வாயால் சொல்வேன்? வாங்கி வைத்தேன். இரண்டு சங்கு இருக்கிறது. ஒரு கடற்பீச்சியும் இல்லை.

அதற்கு மூன்றாம் நாள் காலை, வள்ளம் கரைக்கு வந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை. படலையில் ஒரு வாளி. வாளி நிறையக் கடல்நீர். வாளிக்குப் பின்னால் மூச்சு வாங்க நிற்கிறாள் பக்கீர் நானாவின் மூத்த மகள், பதினாறு வயது இஷ்ரா.

"ரீச்சர், வாப்பா கழுவ முதல் எடுத்துக்கொண்டு ஓடி வந்தனான். கெதியாப் பாருங்கோ, வந்திடுவார்."

வாளிக்குள் சங்கு. சங்கின் முதுகில் இரண்டு வாயும் திறந்தபடி, சிவந்த விளிம்போடு, உயிரோடு, ஹேர்ட்மானியா. பல்கலைக்கழகத்தில் போத்தலுக்குள் வெளிறிக் கிடந்ததைத்தான் நான் பார்த்திருந்தேன். உயிரோடு பார்த்தது அன்றுதான். மெல்லத் தொட்டேன். பீச்சியது. சட்டையெல்லாம் தண்ணீர். இடுப்பில் இருந்த பிள்ளை கைதட்டிச் சிரித்தது.

நான் இஷ்ராவிடம் கேட்டேன், "இவ்வளவு கடல் இருக்க, இது ஏன் பிள்ளை சங்கின்ர முதுகில வந்து இருக்குது?"

பாடத்துக்காகக் கேட்ட கேள்வி இல்லை. சும்மா கேட்ட கேள்வி. ஆனால் இந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு கிழமை வாப்பாவின் வள்ளம் கரைக்கு வரும்போதெல்லாம் போய் நின்றாள். எந்தச் சங்கு எந்த இடத்தில் எடுத்தது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். பழைய கொப்பி ஒன்றில் எழுதினாள். கற்பாறைப் பக்கம் எடுத்த சங்குகளில் கட்டி குறைவு. வெறும் மணல் வெளியில் எடுத்த சங்குகளில் கட்டி கூடுதல். அந்தக் கொப்பியை என் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு இஷ்ரா சொன்னாள்:

"ரீச்சர், மணலில பிடிச்சிருக்கக் கல்லில்லை. அங்க இருக்கிற ஒரே கல்லு சங்குதான். ஆனா இந்தக் கல்லு நடக்குது."

மீண்டும் சொல்கிறேன். பின்வரிசைக்கும் கேட்கட்டும். அந்தக் கல்லு நடக்கிறது.

எந்தப் புத்தகத்தையும் பார்த்து அவள் அதைச் சொல்லவில்லை. நான் நான்கு வருடம் படித்தேன். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. கொஞ்சப் பொறாமையும் வந்தது என்பதை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன்.

பிள்ளை அழுகிறாள் போல. பிள்ளையின் அப்பா, அந்த வேப்பமர நிழலுக்குக் கொண்டு போங்கோ. ஓம், அந்தப் பக்கம். தொப்பியைப் போடுங்கோ. மன்னியுங்கள் சபையோரே, ஒரு கண் இந்தத் தாளில், ஒரு கண் அங்கே. எந்தத் தாய்க்கும் இரண்டு கண் போதாது.

இந்த உயிரின் பிள்ளைப் பருவத்தையும் சொல்லிவிடுகிறேன். பிறக்கும்போது இது ஒட்டிக்கொண்டு பிறப்பதில்லை. வால் முளைத்த சிறு குஞ்சாக, தவளைக் குஞ்சைப் போல நீந்தும். வாலுக்குள் ஒரு முதுகுநாண், தலையில் ஒரு சின்ன மூளை. அந்த முதுகுநாண் இருப்பதால்தான் இது நண்டுக்கும் சங்குக்கும் சொந்தமில்லை, மீனுக்கும் மனிதருக்கும் தூரத்துச் சொந்தம். நீந்துவது சில மணித்தியாலங்கள்தான். உணவு எடுக்காது. ஒரே ஒரு தேடல், இடம் தேடுதல். இடம் கண்டதும் தலையைக் குத்தி ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் வால் கரையும். மூளையும் கரையும்.

இதை ஒருநாள் கிணற்றடியில் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அக்கா வாளியை வைத்துவிட்டுச் சொன்னா, "அப்ப அது கலியாணம் முடிச்ச பொம்பிளை எண்டு சொல்லு. படிச்ச மூளையைக் கரைச்சுப் புட்டுக்குழலுக்க விட்டிட்டு இருக்கிற உன்னை மாதிரி."

பாருங்கள், இப்போது பெண்கள் பக்கம்தான் சிரிப்பு கூட. அக்காவும் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறா. அக்கா, அன்றைக்கு நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தச் சொல் இரண்டு நாள் குத்தியது. மூன்றாம் நாள் பழைய குறிப்புகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பதில் அங்கே இருந்தது. பழைய மூளை கரைந்த இடத்தில், இரண்டு வாய்க்கும் நடுவில், புதிதாக ஒரு நரம்பு முடிச்சு உருவாகிறது. ஆபத்து வந்தால் வாயை மூடவும், ஆபத்து போனால் திறக்கவும் அதுதான் கட்டளை இடுகிறது. கடற்பீச்சிகளில் சிலவற்றுக்கு அந்த முடிச்சை வெட்டி எடுத்தாலும் அது திரும்ப வளர்கிறதாம். ஆகவே அக்கா, புட்டும் அவியும், மூளையும் இருக்கும். அடுத்த நாள் காலை அதிபரிடம் போய், படிப்பிக்கிறேன் என்று சொன்னேன். அதற்கு நன்றி உங்களுக்குத்தான்.

ஐந்து பிள்ளைகள் பெயர் தந்தார்கள். ஆறாவது பெயர் இஷ்ராவின் பெயர் என்று நான் முடிவே செய்துவிட்டேன். வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போன சாட்டில் பக்கீர் நானாவிடம் கேட்டேன். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்த பிள்ளை. தடை என்ன இருக்க முடியும்?

நானா வள்ளத்தின் விளிம்பில் இருந்தபடி சொன்னார். அவருடைய அனுமதியோடுதான் இதை இங்கே சொல்கிறேன்.

"ரீச்சர், நான் படிப்புக்கு எதிரி இல்லை. தொண்ணூறில நாங்க போகேக்க இவள் ரெண்டு வயசு, என்ர தோளில. பன்னிரண்டு வருசம் புத்தளத்தில ஓலைக் கொட்டில். மூண்டு பள்ளிக்கூடம் மாறினவள். இப்ப வந்து ரெண்டு வருசம். இது ரெண்டு வருசப் படிப்பு எண்டுறியள். பாதியில திரும்பவும் போகச் சொன்னா? அரைப் படிப்புப் படிச்ச புள்ளைக்கு அங்கயும் இடமில்லை, இங்கயும் இடமில்லை. இப்பவே நிப்பாட்டினா அவளுக்கு மனசு ஆறும். பாதியில நிண்டா ஆறாது."

சபையோரே, அன்று எனக்குப் பதில் வரவில்லை. இந்த ஊர் முஸ்லிம் சனம் அத்தனையையும் ஊரைவிட்டுப் போகச் சொன்ன அந்த நாளைப் பற்றி இந்த மேடையில் நான் நீட்டி முழக்கத் தேவையில்லை. போனவர்களும் இங்கே இருக்கிறீர்கள். போவதைப் பார்த்து நின்றவர்களும் இங்கே இருக்கிறீர்கள். நிலத்தைப் பார்க்கிறீர்கள். நானும் நிலத்தைத்தான் பார்க்கிறேன்.

பதில் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. பிள்ளையின் பிறப்புப் பத்திரம், ஒரு பால்மா ரின், நான்கு சட்டை, மெழுகுதிரி, தீப்பெட்டி. சண்டை நிறுத்தி, சமாதானம் என்று சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. பையை நான் இன்னும் இறக்கவில்லை. ஒரு சத்தம் கேட்டால் என் கை முதலில் பிள்ளைக்குப் போகும், அடுத்தது அந்தப் பைக்குப் போகும். எத்தனை வீட்டில் அப்படி ஒரு பை இருக்கிறது என்று கேட்டால் எத்தனை கை உயரும்? கேட்கமாட்டேன். உயர்த்தவும் வேண்டாம்.

அப்படிப்பட்ட நான் எந்தத் துணிவோடு பக்கீர் நானாவுக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன்? இஷ்ரா தந்த துணிவோடு வந்திருக்கிறேன்.

நானா, நீங்கள் சொன்னது சரி. பாறையில் ஒட்டியது பாறையோடு நிற்கும், பாறை உடைந்தால் அதுவும் போகும். ஆனால் உங்கள் மகள் கண்டுபிடித்தது என்ன? பாறையே இல்லாத மணலிலும் ஒரு குஞ்சு வந்து இறங்குகிறது. பிடிக்க ஒன்றுமில்லை என்று அது திரும்பிப் போகவில்லை. நடக்கிற கல் ஒன்றைத் தேடிப் பிடிக்கிறது. பிடித்த பிறகு சங்கு மேற்கே போனால் மேற்கே போகிறது. கிழக்கே போனால் கிழக்கே போகிறது. போகிற வழியெல்லாம், நேற்றைய நீரோ இன்றைய நீரோ, எந்த நீரோ, அந்த நீரை வடித்துக் குடித்துக்கொண்டே போகிறது. பாதி வழியில் சங்கு திரும்பினால் அது வாயை மூடிக்கொண்டு செத்துப்போவதில்லை.

அதன் இதயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் இதயம் ஒரே திசையில் இரத்தத்தைத் தள்ளும். இதன் இதயம் கொஞ்ச நேரம் ஒரு பக்கம் தள்ளும், ஒரு கணம் நிற்கும், பிறகு மறுபக்கம் தள்ளும். போய், நின்று, திரும்பி வரும் இதயம். புத்தளத்துக்குப் போய், நின்று, திரும்பி வந்தவர்களே, உங்களுக்கு அதை விளங்கப்படுத்த ஒரு விலங்கியல் ஆசிரியை தேவையா?

படிப்பு பாறை இல்லை நானா. படிப்பு நடக்கிற கல். நான் உயர்தரம் ஒரு இடத்தில் தொடங்கி, இன்னொரு இடத்தில் இழுபட்டு, மூன்றாவது இடத்தில் மரத்தின் கீழ் இருந்து முடித்தவள். பாதி என்பது பாதி. அது பூச்சியம் இல்லை. மற்றப் பாதியை எந்த ஊரிலும் இருந்து படிக்கலாம். ஆனால் தொடங்காத பிள்ளைக்கு எந்த ஊரில் போய் மற்றப் பாதியைத் தேடுவது?

நேற்று அந்தப் பையைத் திறந்து இஷ்ராவின் கொப்பியையும் வைத்தேன். தந்தவள் அவள்தான். "ரீச்சர், உங்கட பையில இருந்தா எனக்குப் பயமில்லை" என்றாள். பை கொஞ்சம் பாரமாகிவிட்டது. என் மனமோ லேசாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அதிபர் ஐயா பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்குப் போகிறார். கையில் ஒரு படிவம் இருக்கும். ஐந்து பெயர் எழுதியிருக்கிறது. ஆறாவது வரி வெறுமையாக இருக்கிறது. ஒரு தகப்பனைச் சபையில் நிறுத்தி ஒலிவாங்கியில் பதில் கேட்பது முறையில்லை. நான் கேட்கவும் இல்லை. கடற்பீச்சியைப் பற்றிக் கதைக்கச் சொன்னார்கள். கதைத்தேன். பத்து நிமிடம் முடிந்து எவ்வளவு நேரம் என்பதைத் தலைவர் ஐயாவின் கைக்கடிகாரம் அறியும்.

ஒரு நிமிடம். இஷ்ராவின் உம்மா, ஜொஹறா ராத்தா, எழும்புகிறா. இருங்கோ, சபையோரே, சத்தம் போடாதேங்கோ, அவா மெதுவாகத்தான் கதைப்பா.

ராத்தா சொன்னது பின்னுக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "அந்தத் தூணோட நிக்கிறவருக்கு ரெண்டு நாளா நித்திரை இல்லை. அவர் சொல்லட்டும்" என்கிறா.

நானா, கட்டாயமில்லை. ஓம், சொல்லுங்கோ. இங்கே வரத் தேவையில்லை, அங்கே நின்றே சொல்லுங்கோ. நான் திருப்பிச் சொல்கிறேன்.

பக்கீர் நானா ஒரு வசனம்தான் சொன்னார், சபையோரே. அதை அப்படியே தருகிறேன்.

"ரீச்சர், இனிமேல் நான் சங்கைக் கழுவாமலே கொண்டு வாறன்."

அதிபர் ஐயா, உங்கள் பேனையை எடுங்கோ.

என் உரையை முடிக்க வேறு சொல் இனி எனக்குத் தேவையில்லை. பத்து நிமிடம் தந்து, இவ்வளவு நேரமும் பொறுத்த தலைவருக்கும், ஜெனரேற்றரை நிற்க விடாமல் காத்த தம்பிமாருக்கும், குத்திய சொல்லால் என்னை எழுப்பிய பேச்சியம்மா அக்காவுக்கும், வேப்பமர நிழலில் பிள்ளையை நித்திரையாக்கிவிட்ட அவளுடைய அப்பாவுக்கும், நடக்கும் கல்லை எனக்குக் காட்டிய என் மாணவிக்கும் நன்றி சொல்லி விடைபெறுகிறேன். சித்திரை பிறந்ததும் பாடம் தொடங்கும். முதல் நாள் பாடத்துக்கு வாளியோடு வாருங்கள், பிள்ளைகளே.

அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.